உருகியது கணக்கில் வராது

ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்குக் கோடையே கிடையாது என்று தெருவில் கேலி செய்வார்கள். அவர்களுக்கென்ன, வாய் இருக்கிறது. மனுஷன் பாதி ஆயுளை ஈரத்திலேயே கழித்துவிட்டார். விரல்கள் எப்போதும் ஊறி வெளுத்துக் கிடக்கும். முட்டி இரண்டும் இன்றைக்கு வேலைக்கு வரமாட்டோம் என்று காலையிலேயே அடம்பிடிக்கும்.

சொல்வதற்குச் சுலபமான வேலைதான். இடுப்புயரத் தகர அச்சுகளில் தண்ணீர் பிடிக்க வேண்டும், ஆனால் விளிம்பு வரை பிடிக்கக் கூடாது. உறையும்போது தண்ணீர் உடம்பு பெருக்கும். நாலு விரல் இடம் விடாவிட்டால் தகரத்தையே பிளந்துவிடும். அச்சுகளை உப்புக் கரைசல் தொட்டியில் இறக்குவார். அந்தக் குளிரிலும் உப்புத் தண்ணீர் உறையாமல் அலம்பிக்கொண்டிருக்க, அச்சுக்குள்ளே நல்ல தண்ணீர் கல்லாகிவிடும். கல்லான பிறகுதான் அது சரக்கு. லாரி ஏறுவதற்குள் உருகி ஓடுவது சாக்கடைக்குச் சொந்தம். உருகியது கணக்கில் வராது என்பது கம்பெனிச் சட்டம், அது அவர் மண்டையில் வேரோடிப் போயிருந்தது.

வீட்டில் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்கு ஓயாத அலைச்சல். குடித்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் காலில் இறங்கும். நுரையீரலில் ஏறினால் மூச்சை அடைக்கும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான், மாத்திரைக்கும் சேர்த்து. மத்தியானத்துக்குள் அது காலி. அப்புறம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, அவள் பேசுவதே கஷ்டமாகிவிடும். பார்க்கச் சகிக்காது.

ஒரு நாள் உடைந்த கட்டியிலிருந்து கொஞ்சம் துண்டுகளைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, ஒன்றை அவள் வாயில் போட்டார்.

"இது தண்ணி இல்லையே, ஐஸ்தானே. வாயிலயே கரைஞ்சு போயிடும்."

அவள் முகம் தெளிந்தது. அந்த முகத்துக்காகவே தினமும் கொண்டுவர ஆரம்பித்தார்.

அவளுக்குக் கால் வீங்கியது. ஒரு விடியற்காலை படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தாள். ஆட்டோ பிடித்து அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினார். நர்ஸ் எடையைப் பார்த்துவிட்டு அவரை முறைத்தாள்.

"யாரு இவ்வளவு தண்ணி குடுத்தது?"

"சத்தியமா பாட்டிலுக்கு மேல ஒரு சொட்டு குடுக்கலம்மா. ஐஸ் மட்டும்தான்..."

"ஐஸ் வேற என்னவாம்யா? கல்லா?"

தண்ணீரை ஐஸ் ஆக்கிப் பிழைக்கிற ஆளுக்கு இதை ஒருத்தர் சொல்ல வேண்டியிருக்கிறது! வெட்கம் பிடுங்கித் தின்றது. நானே கொன்றிருப்பேனே என்ற பயம் அதைவிட மோசம்.

இயந்திரம் தேங்கிய நீரை இழுத்த பிறகு அவளுக்கு மூச்சு சீரானது. வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"உனக்காவது தோணலையா?"

"தோணாமலா? தெரிஞ்சுதான் தின்னேன்." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "தாகம் தாங்கலைங்க. திட்டணும்னா திட்டிடுங்க."

திட்ட அவருக்குத் தெம்பில்லை. மறுநாள் ஒரு ஐஸ் துண்டை டம்ளரில் போட்டு உருகவிட்டார். உருகியதும் துண்டைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருந்தது. அதே அளவு தண்ணீரை அவளுடைய பாட்டிலிலிருந்து எடுத்து இன்னொரு டம்ளரில் ஊற்றினார்.

"இனிமே ஐஸ் வேணும்னா இவ்வளவு தண்ணி குறையும். சம்மதமா?"

"சம்மதம்."

அதே அளவில் அவர் கொடுத்த இன்னொரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கண்ணை மூடினாள். எடுத்த தண்ணீரைக் கொட்ட அவர் எழுந்தார்.

"கொட்டாதீங்க. இங்கயே உக்காந்து குடிங்க."

"உன் முன்னாடி எப்படிம்மா..."

"இத்தனை நாளும் பின்பக்கம் போய்த் திருட்டுத்தனமா குடிக்கிறீங்க. குழாய்ச் சத்தம் எனக்குக் கேக்காதா? குடிங்க, நான் பாக்கறேன்."

அவர் உட்கார்ந்து குடித்தார். ஒவ்வொரு மடக்குக்கும் அவள் தொண்டையும் ஏறி இறங்கியது.