நாகேந்திரத்தின் பழைய கொம்பியூட்டர்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், வாடகை வீட்டின் முன்னறையில் நாகேந்திரம் எம்பிராய்டரி மெஷின் வைத்திருந்தார். அதற்கு முன்னர் இரத்மலானையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஒப்பரேட்டராக இருந்தவர். அது மூடப்பட்டபோது, தான் ஓட்டிய மெஷினையும் அதை இயக்கும் கொம்பியூட்டரையும் வாங்கி வந்துவிட்டார். கல்யாண பிளவுஸ், பள்ளிக்கூட பட்ஜ், கோயில் திரைச்சீலை என்று வேலைக்குக் குறைவில்லை. கொம்பியூட்டரைத் தொடுவது அவர் மட்டும்தான். நூல் கோப்பதும் துணியைச் சட்டத்தில் இறுக்குவதும் மனைவி யோகமலரின் பங்கு.

அறுபது கடந்ததும் மறதி தொடங்கியது. முதலில் சந்தையில் பையை விட்டுவிட்டு வந்தார். பிறகு ஒருநாள் காலி வீதியில் நின்று, யாழ்ப்பாணம் போக எவ்வளவு என்று ஓர் ஆட்டோக்காரரிடம் சிங்களத்தில் கேட்டிருக்கிறார். கனடாவிலிருந்து மகள் சாருஜா வீடியோவில் வந்தால் மரியாதையாகச் சிரிப்பார், பெயர் சொல்லமாட்டார். யோகமலரை ஆஸ்பத்திரி நேர்ஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், என்னை எப்ப வீட்டை போக விடுவியள்?"

"நாளைக்கு விடுறம். இப்ப சாப்பிடுங்கோ."

ஆனால் காலையில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்திவிட்டால் அவர் வேறு ஆள். கைகள் தாமாகவே போகும். மூலையிலிருந்த ஸ்டார்ட், அதற்கு மேலே ஊசிப் படம், டிசைனைத் திறப்பது, சட்டத்துக்குள் அடங்குகிறதா என்று ஒரு சுற்று ஓடவிட்டுப் பார்ப்பது, கடைசியில் திரையிலுள்ள பச்சைப் பட்டன். மெஷின் தடதடவென்று ஓடத் தொடங்கியதும் முகம் தெளியும். ஊசியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பாமலே சொல்வார்:

"யோகம், சிவப்பு முடியப்போகுது. நூலை மாத்தும்."

நாள் முழுவதிலும் அந்த ஒரு வேளையில்தான் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்காகவே யோகமலர் வேண்டுமென்றே நூலைக் குறைவாகச் சுற்றி வைப்பதுண்டு.

அந்தக் கொம்பியூட்டர் மிகப் பழைய விண்டோஸில் ஓடியது. ஒரு வைகாசி மாதம், தைத்துக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்துபோய், ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்தி ஒரு மணப்பெண்ணின் பிளவுஸ் கிழிந்தது. கொம்பியூட்டர் திருத்துகிற ரிஸ்கான் வந்து திறந்து பார்த்தான்.

"அன்டி, டிஸ்க்கும் மதர்போர்ட்டும் ரெண்டும் போகப்போகுது. புதுக் கொம்பியூட்டர்ல இந்தப் பழைய விண்டோஸ் ஏறாது. எல்லாத்தையும் புதுசாப் போட்டா நல்லா ஓடும். மெஷினுக்குரிய சொஃப்ட்வெயரும் புதுசுதான் போடணும்."

"பார்க்க இதைப் போலவே இருக்குமோ தம்பி?"

ரிஸ்கான் நாகேந்திரத்தைப் பார்த்தான். "இருக்காது அன்டி."

அவள் வேண்டாம் என்றாள். ரிஸ்கானும் அவள் மனம் அறிந்து, மருதானைப் பக்கம் தேடி ஒரு பழைய மதர்போர்ட் வாங்கிப் பூட்டிக் கொடுத்தான். ஐப்பசி வரை தாங்கியது. பிறகு மறுபடியும் திரை உறைந்தது. கிழிந்த துணிகளுடன் இரண்டு வாடிக்கைக்காரர் போய்விட்டார்கள். வீட்டில் வேறு வருமானம் இல்லை.

"அம்மா, மாத்துங்கோ," என்றாள் சாருஜா போனில். "அப்பாக்கு ஒண்டும் விளங்காது."

"அது ஒண்டுதான் பிள்ளை அவருக்கு விளங்குது."

மகள் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அடுத்த கிழமை யோகமலர் ரிஸ்கானைக் கூப்பிட்டாள்.

அவன் தன்னால் இயன்றதெல்லாம் செய்தான். பழைய திரையிலிருந்த அதே பச்சைப் புல்மேட்டுப் படத்தைத் தேடிப் போட்டான். ஸ்டார்ட்டை அதே மூலைக்குக் கொண்டுவந்தான். ஊசிப் படத்தையும் பழைய இடத்தில் வைத்தான். உள்ளே திறக்கும் சொஃப்ட்வெயரைத்தான் மாற்ற முடியவில்லை. அது கறுப்பாக, பட்டன்களெல்லாம் வலப்பக்கமாக இருந்தது.

மறுநாள் காலை நாகேந்திரம் வந்து இருந்தார். ஸ்டார்ட், ஊசிப் படம். ரிஸ்கான் முன்பே போட்டுவைத்த டிசைனோடு கறுப்புத் திரை திறந்தது. அவருடைய கை மவுசைப் பச்சைப் பட்டன் இருந்த இடத்துக்குக் கொண்டுபோய் அழுத்தியது. அங்கே ஒன்றுமில்லை. மறுபடியும் அழுத்தினார். யோகமலர் மவுசிலிருந்த அவருடைய கையைப் பிடித்து வலப்பக்கம் கொண்டுபோனாள். அவர் கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

"இது என்ரை இல்லை, மிஸ்."

பழையதாவது அவரிடம் இருக்கட்டும் என்று, ரிஸ்கானைக்கொண்டு பழைய கொம்பியூட்டரை ஒரு சின்ன மேசையில் வைப்பித்தாள். மெஷினோடு தொடர்பில்லை, திரையில் மட்டும் எல்லாம் பழையபடி வரும். நாகேந்திரம் அதைக் கண்டதும் சிரித்தார். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து பச்சைப் பட்டனை அழுத்திவிட்டு மெஷின் பக்கம் திரும்பினார். மெஷின் ஓடவில்லை. தொடக்கத்திலிருந்து மறுபடியும் செய்தார். யோகமலர் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தபோது அவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டிருந்தார்.

"நான் எங்கையோ பிழை விட்டிட்டன். மெஷினைப் பழுதாக்கிப் போட்டன். மனேச்சரிட்டைச் சொல்லாதேங்கோ."

"இல்லை, நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை."

"பிறகேன் ஓடேல்லை?"

அவள் பழைய கொம்பியூட்டரின் வயரைக் கழற்றிவிட்டு அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அவர் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடந்தார். அன்றைக்கு யோகமலர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

புதுக் கொம்பியூட்டர் ஒருபோதும் உறையவில்லை. யோகமலர் ரிஸ்கானிடம் போனில் கேட்டுக் கேட்டு எல்லாம் பழகிக்கொண்டாள். போன வாடிக்கைக்காரரில் ஒருவர் திரும்பியும் வந்தார். நாகேந்திரம் முன்னறைக்கு வருவதை நிறுத்திவிட்டார். மெஷின் ஓடும் சத்தம் கேட்டால் சிலவேளை கட்டிலில் எழுந்து இருப்பார். கொஞ்ச நேரத்தில் படுத்துவிடுவார். அவள் பெயர் அவர் வாயிலிருந்து பிறகு வரவில்லை. அடுத்த வருசம் மாசியில் சளி நெஞ்சில் கட்டி, களுபோவில ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

செத்தவீட்டுக்கு ரிஸ்கான் வந்திருந்தான். உள்ளே வராமல் கேற்றடியில் நின்றான். யோகமலர் எழுந்துபோனாள்.

"அன்டி, நான் அத மாத்தாமலே இருந்திருக்கலாம்."

"நீர் வடிவாத்தான் செய்து தந்தனீர் தம்பி. மாத்தச் சொன்னது நான்."

அவன் கண்ணைத் துடைத்தான். அவள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இரும்" என்றாள்.