பூதக்கண்ணாடி அக்கா வைத்த சிவப்புப் புள்ளி

மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் அவளை எல்லோரும் பூதக்கண்ணாடி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். கடைசியில் அவளே போனை எடுத்து, "பூதக்கண்ணாடிதான் பேசறேன், சொல்லு" என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. வயது ஐம்பத்தொன்று. பதினோரு வருடமாக அதே நாற்காலி, அதே கழுத்து வலி, ஏசி சொட்டும் தண்ணீரைப் பிடிக்க மேஜையோரம் வைத்த அதே நீல வாளி.

வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் விண்ணப்பித்தவர்களின் பட்டியலை அங்கே அனுப்பும். அந்த ஆள் இணையத்தில் என்ன எழுதினார், என்ன படம் போட்டார், யாரோடு மல்லுக்கு நின்றார் என்று தோண்டிப் பார்த்து, படிவம் நிரப்பி, முடிவில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பச்சை என்றால் எடுக்கலாம். மஞ்சள் என்றால் யோசிக்கலாம். சிவப்பு என்றால் வேண்டாம். ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம்.

முதல் இரண்டு வருடம் அவளுக்கு அது சிரிப்பும் வேடிக்கையுமாகத்தான் போனது. கடும் காய்ச்சல் என்று விடுப்புச் சொன்ன ஒருவர் அதே நாளில் கடற்கரையில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றிருப்பார். ஊரில் உள்ள எல்லா ஓட்டலுக்கும் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டித் தீர்த்த ஒரு சமையல்காரர், அதில் ஒரு ஓட்டலுக்கே வேலை கேட்டு விண்ணப்பித்திருப்பார். வீட்டுக்கு வந்து மகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பிறகு சிரிப்பு தேய்ந்துவிட்டது. யாரைப் பார்த்தாலும் ஏற்கெனவே பார்த்த ஆளாகத் தெரிந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரைக்கூட, இவருக்கு மஞ்சள் என்று மனசு தானாக எடை போட்டுவிடும்.

அந்த ஓட்டுநரின் விண்ணப்பம் வந்தது ஒரு திங்கட்கிழமை, அன்றைய ஒன்பதாவது ஆளாக. உடல் ஊனமுற்ற குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கு வேன் ஓட்ட ஆள் தேவை. இருபத்திரண்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். ஒரு விபத்துகூடக் கிடையாது. அவர் ஓட்டிய தடத்தை நிறுத்திவிட்டதால் ஆறு மாதமாக வீட்டில் இருந்தார். அவருடைய இணையப் பக்கத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. பூ வைத்த காலை வணக்கம், டயர் படம், அடுத்தவர் போட்ட நகைச்சுவை. பதிவுகளைக் கீழே தள்ளிக்கொண்டே போனவள் ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமையில் நின்றாள்.

"இந்த பஸ்ஸ அப்படியே ஆத்துல விட்டுடலாம்னு இருக்கு. எல்லாரும் ஒண்ணாப் போய்ச் சேரலாம்."

கீழே யாரோ ஒருவர் சிரிப்பு முகம் போட்டிருந்தார். இன்னொருவர், "விடு தலைவா" என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். குழந்தைகளை ஏற்றிப் போகிற வண்டி. அவள் இமைக்கக்கூட இல்லை. சிவப்புப் புள்ளியை வைத்தாள். இருபத்தைந்து நிமிடத்தில் பதினான்கு மிச்சம் இருந்தது. எழுந்து போய்த் தேநீர் குடித்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்து அந்த மனிதர் நேரிலேயே வந்து நின்றார். வேலை மறுக்கப்பட்டவர் கேட்டால் காரணத்தைக் காட்டியாக வேண்டும் என்பது விதி. இத்தனை வருடத்தில் கேட்டு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வரவேற்பில் இருக்கும் பெண் அன்று விடுப்பு. அதனால் அவள்தான் முன் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, முன்பக்கம் வழுக்கை, கையில் நான்காக மடித்த கடிதம்.

"மேடம், எனக்கு ஏன் வேலை இல்லைன்னு இங்க வந்தா சொல்லுவாங்கன்னு போட்டிருக்கு."

கத்துவார், இல்லை அழுவார், இல்லை நான் எழுதவே இல்லை என்று சாதிப்பார் என்று நினைத்துக்கொண்டே திரையைத் திருப்பிக் காட்டினாள். அவர் குனிந்து இரண்டு முறை படித்தார்.

"நான் எழுதினதுதான்" என்றார். "என் படம் இருக்கே."

"எதுக்காக எழுதினீங்க?"

அவர் நெற்றியைத் தேய்த்தார். யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"ஞாபகம் இல்லையே மேடம். ஒன்பது வருஷம் ஆச்சு." தயங்கித் தயங்கிக் கேட்டார். "அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

பதினோரு வருடத்தில் ஒருவரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. தெரியாது என்றாள். அவர் போன் எண்ணை எழுதி வைத்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார். எதற்கு நன்றி என்று அவளுக்குப் புரியவில்லை.

அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்த மகளிடம் இதைச் சொன்னாள். மகளுக்கு இருபத்தாறு வயது. கண் மருத்துவமனையில் வேலை. தாயும் மகளும் மட்டும்தான் வீட்டில்.

"அந்த ஒரு வரியத்தானே பாத்தே?" என்றாள் மகள். "அன்னைக்கு அதே ஊர்ல மத்தவங்க என்ன எழுதினாங்கன்னு பாத்தியா?"

"அதுக்கெல்லாம் எங்கடீ நேரம் குடுக்கறாங்க?"

"என்னோட பக்கத்த மட்டும் நேரம் எடுத்துப் பாத்தியே?"

உண்மைதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் மகளுக்குப் பேசி வைத்த சம்பந்தம் முறிந்தபோது, மகள் வாய் திறக்காததால், அலுவலகத்திலேயே உட்கார்ந்து அவளுடைய பக்கத்தை அடிமுதல் நுனிவரை படித்திருந்தாள். தோழியின் படத்துக்குக் கீழே எழுதிய பதில்கள் முதற்கொண்டு.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் யார்கிட்டயும் சொல்லாத ஒண்ண நீ ஒருநாள் வாய்தவறிச் சொன்னே. அப்பவே தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் நான் எதையாவது போட்டுப் பாத்திருக்கியா?" மகள் குரலில் கோபம்கூட இல்லை. மடித்த துணிகளை அள்ளிக்கொண்டு எழுந்தாள். "என்கிட்டயே கேட்டிருக்கலாம்மா. ஒரு வாரம் கழிச்சு நானே சொல்லியிருப்பேன்."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தபோது மகள் உள்ளே போய்விட்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் தேட ஆரம்பித்தாள். தேதியையும், அவர் ஓட்டிய தடத்தில் இருந்த ஆற்றுப் பாலத்தின் பெயரையும் போட்டுப் பார்த்தாள். முதல் நாள் ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாம் நாள் ஒருவர் எடுத்த படம் கிடைத்தது. பாலத்தின் மேல் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள், கொட்டும் மழை. ஒரு லாரி கவிழ்ந்து நான்கு மணி நேரம் ஒன்றும் நகரவில்லையாம். படத்தின் ஓரத்தில் ஒரு பேருந்து, அதன் எண் தெளிவாக. அந்த எண்ணைப் போட்டுத் தேடினாள். வீடியோ வந்தது.

நாற்பது விநாடி. "பஸ் டிரைவருக்குக் கிடைத்த பாடம்" என்று தலைப்பு. உள்ளே ஒரே கூச்சல். கதவைத் திற என்று நாலைந்து பேர் கத்துகிறார்கள். பாலத்தில் இறக்க அனுமதி இல்லை, ஆள் அடிபட்டுவிடும் என்று ஓட்டுநர் சொல்லிக்கொண்டிருக்கிறார். முடி அடர்ந்திருந்தாலும் அவர்தான். ஒருவன் சட்டையைப் பிடிக்கிறான். பளார் என்று ஒரு அறை. யாரோ விசில் அடிக்கிறார்கள். ஓட்டுநர் திருப்பி அடிக்கவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்து முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறார். பதினோராயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அந்த வீடியோ பதிவான நேரத்தையும் அவருடைய வரியின் நேரத்தையும் ஒப்பிட்டாள். வீடியோவுக்கு இருபத்தாறு நிமிடம் கழித்துத்தான் அந்த வரி. வண்டி அப்போதும் ஆற்றின் மேல்தான் நின்றிருந்தது.

மூன்றாம் நாள் இன்னொன்று கிடைத்தது. ஒரு செவிலி எழுதியது. "இறங்கும்போது டிரைவரிடம் எல்லோர் சார்பாகவும் மன்னிப்புக் கேட்டேன். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. படி ஈரமா இருக்கு, பாத்து இறங்குங்கம்மா என்று மட்டும் சொன்னார்." அதை மூன்று பேர்தான் பார்த்திருந்தார்கள்.

ஓட்டுநரை வரச் சொல்லிக் காட்டினாள். நல்ல செய்தி சொல்கிறோம் என்றுதான் நினைத்தாள். வீடியோ முடிந்ததும் அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப ஞாபகம் வந்துடுச்சு மேடம்" என்றார். "வராமலே இருந்திருக்கலாம்."

"நான்..."

"கன்னத்துல கதவு இடிச்சுதுன்னு வீட்ல சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான்னு ஆயிடுச்சு." எழுந்துகொண்டார். "இத நெட்ல இருந்து எடுக்க முடியாதா? என் பேரன் போன் பாக்க ஆரம்பிச்சுட்டான்."

"வேலைக்கு இது உதவும்ங்க. இதை வச்சுத்தான் நான் மாத்தி எழுதப்போறேன்."

"வச்சுக்கங்க. அப்புறமா எடுத்துடுங்க" என்றார், ஏதோ அவள் கையில்தான் எல்லாம் இருப்பதுபோல.

மேலாளர் அவளைவிடப் பதினைந்து வயது இளையவன். கெட்டவன் இல்லை. ஆனால் தலையில் அடித்துக்கொண்டான்.

"அக்கா, வச்ச புள்ளிய மாத்தினா, இதுவரைக்கும் வச்ச எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. நம்ம தப்பு நம்மளே எழுதிக் குடுக்கறதா?"

"உங்க தப்பு இல்லப்பா. நான் வச்சது. என் பேர்லயே எழுதறேன்."

"எத்தனை பேருக்கு இப்படி உக்காந்து பாப்பீங்க?"

அந்தக் கேள்வி அவளை உறுத்தத்தான் செய்தது. பதினோரு வருடத்தில் எத்தனை சிவப்பு வைத்திருப்பாள் என்று கணக்குப் போட அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவர்களும் ஒரு செவ்வாய்க்கிழமையில் எதையோ எழுதியவர்கள்தானே. அவர்களில் பெரும்பாலோர் படியேறி வந்து கேட்கவே இல்லை.

பள்ளிக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதி, செவிலியின் பதிவையும் சேர்த்து அனுப்பினாள். வீடியோவைச் சேர்க்கவில்லை. நடந்ததை எழுத்தில் மட்டும் சொன்னாள். நான்கு நாளில் தலைமையாசிரியை போன் செய்தார். அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஆள் எடுத்தாயிற்று, ஆனால் விடுப்பு எடுப்பவர்களுக்குப் பதிலாக ஓட்ட ஒருவர் தேவைப்படுகிறார், அவர் சம்மதித்தால் வரலாம் என்றார். அவர் சம்மதித்தார். வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று. ஆறு மாதம் சும்மா இருந்தவருக்கு அது பெரிய விஷயமா, சின்ன விஷயமா என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மேலாளர் அவளைப் பள்ளிக்கூட விண்ணப்பங்களிலிருந்து எடுத்துக் கிடங்குத் தொழிலாளர் பட்டியலுக்கு மாற்றினான். அங்கே ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். சிவப்பு வைக்க வேண்டி வந்தால் அவள் இப்போதெல்லாம் அந்தப் பதிவின் தேதியையும் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். பாதி நேரம் ஒன்றும் கிடைக்காது. சில சமயம் கிடைத்தும் அந்த ஆள் சிவப்புக்குத் தகுதியானவராகவே இருப்பார். பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கை குறைகிறது என்று இரண்டு முறை எச்சரிக்கை வந்தது.

வீடியோ போட்டவனைக் கண்டுபிடிப்பது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. இப்போது வேறு ஊரில் பைப் கடை வைத்திருந்தான், இரண்டு குழந்தைகள். மூன்று முறை எழுதிய பிறகு பதில் வந்தது. "அப்படி ஒண்ணு போட்டதே மறந்துபோச்சுங்க. எடுத்துட்டேன்." எடுத்தும்விட்டான். ஆனால் அதற்குள் வேறு நான்கு பேர் அதை நகலெடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். இருவர் எடுத்தார்கள். ஒருவர் பதிலே போடவில்லை. கடைசி ஆள், "உங்களுக்கு என்ன போச்சு?" என்று கேட்டிருந்தான்.

அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் சாப்பாட்டு வேளையில் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே தட்டினாள். "அதுல அடி வாங்கறவருக்கு ஒரு பேரன் இருக்கான் தம்பி. தயவுசெஞ்சு எடுத்துடுப்பா." அனுப்பிவிட்டு, கிடங்குப் பட்டியலில் அடுத்த ஆளைத் திறந்தாள்.