அரபு நாட்டு டீசலும் கொழுந்தனார் வீட்டு மாடுகளும்

என் வீட்டுக்காரருக்கு உலக நடப்பெல்லாம் அத்துபடி. எந்த நாடு யாரோடு சேர்ந்திருக்கிறது, யாருடைய கப்பல் எந்தக் கடலில் நிற்கிறது என்று ரேடியோவில் கேட்டதைச் சோறு ஆறிப்போகும்வரை சொல்வார். சொந்தத் தம்பியோடு மட்டும், பாகம் பிரித்த நாளிலிருந்து பேச்சு கிடையாது.

வடகரப்பதியில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கிணறு. மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஏற்றம் கிணற்றின் இரண்டு பக்கமும் இருந்தது. டீசல் என்ஜின் வாங்கியதும் இவர் எங்கள் மாடுகளை விற்றார். அதோடு விடாமல், மாடுகள் இறங்கி ஏறும் சரிவையும் மண் போட்டு மூடி வாழை வைத்தார். அது பாட்டுக்குக் கிடக்கட்டுமே என்றேன். என் பேச்சு எடுபடவில்லை.

எழுபத்து மூன்றின் கடைசியில் அரபு நாடுகள் எண்ணெயைக் குறைத்தன. நேற்றுவரை யாரும் சட்டை செய்யாத பாலைவன ராஜ்யங்களின் வாசலில் வல்லரசுகள் காத்து நிற்பதாக இவர் ரசித்துச் சொன்னார். தை பிறந்ததும் நாங்களும் காத்து நின்றோம். எங்கள் தாலுகா ஊரான சித்தூரில் டீசல் இல்லை. மாநில எல்லை தாண்டிக் கோயம்புத்தூர்ப் பக்கம் போனால், உள்ளூர்க்காரருக்கே இல்லை என்றார்கள். ராகி கதிர் வாங்கும் சமயம். தண்ணீர் விடாவிட்டால் எங்கள் வருஷச் சாப்பாடு போய்விடும்.

மாடும் கவலையும் கொழுந்தனாரிடம்தான் இருந்தன.

"போய்க் கேளுங்க" என்றேன். இவர் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் நானே போனேன். ஆண்கள் முறைத்துக்கொண்டாலும் பெண்கள் பேசிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். தூதரகம் என்று இவர் பெரிதாகச் சொல்வதெல்லாம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

கொழுந்தனார் என்னைக் காக்கவைக்கவில்லை. "மாட்டைப் பூட்டிக்கட்டுமுங்க. ஆனா அண்ணந்தான் வந்து ஓட்டோணும். என்னோட பேசக்கூட வேண்டாம்" என்றார்.

இதைக் கேட்டதும் இவருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் மறுநாள் காலையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். இவர் கிணற்றடியில் மாடு ஓட்ட, எங்கள் ராகிக்குத் தம்பி மடை மாற்றினார். இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. கடைசிப் பாத்தி நிறைந்ததும் மாட்டை நிறுத்தச் சொல்லியாக வேண்டுமே. வயலிலிருந்து "போதுமுங்கண்ணா" என்று குரல் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் மாட்டைத் தட்டிக்கொடுத்தபடி அப்படியே நின்றார்.

ராகி முற்றியது. இனி அதற்குத் தண்ணீர் வேண்டாம். இவர் மட்டும் காலையானால் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிடுவார். இப்போது தம்பியின் காட்டுக்கு இறைத்துக்கொண்டிருந்தார். நம் என்ஜின் சும்மா கிடப்பதால்தானே இந்தப் பாடு என்று பரிதாபப்பட்டு, டீசல் எப்போது வருமென்று விசாரிக்கச் சொன்னேன். உலகமே தடுமாறுகிறது, அவ்வளவு சீக்கிரம் வராது என்றார்.

ஒரு நாள் என்ஜின் ரூமைக் கூட்டப் போனேன். கேனை நகர்த்தினால் நகரவில்லை. மூடியைத் திறந்து பார்த்தேன், கழுத்துவரை டீசல். மேலே படிந்திருந்த தூசியைப் பார்த்தால் வந்து பல நாளாகியிருக்கும்.

மூடியை இறுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினேன். கிணற்றடியில் அண்ணனும் தம்பியும் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.