மாடிப்படி யன்னல்

ஒஸ்லோ நகரின் புருசெத் பகுதியில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில், எங்கள் கதவுக்கு நேரெதிரே ஒரு நோர்வேஜியக் கிழவி குடியிருந்தார். பனி கொட்டினாலும் மாடிப்படி யன்னலை அகலத் திறந்துவைப்பார். அம்மா போய்ச் சாத்துவார். கிழவி மறுபடி திறப்பார்.

"எங்கட மீன்குழம்பு மணம் அவவுக்குப் பிடிக்கேல்லை. வாயால சொல்லாமல் யன்னலால சொல்லுறா" என்பார் அம்மா. கதவிடுக்கில் துணியைத் திணித்த பிறகுதான் எங்கள் வீட்டில் குழம்பு கொதிக்கும். யன்னல் சாத்தும் பொறுப்பை நானாகவே ஏற்றுக்கொண்டேன். ஏழு வயதில் எனக்கு வாய்த்த வீரம் அவ்வளவுதான்.

அப்பா அந்தக் குளிர்காலம் முழுக்க இருமினார். ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவும் வேலை. டொக்டரிடம் போனால் வேலை போய்விடும் என்று பயம். கசநோய் என்று எங்கள் சனம் கதைக்கும் என்பது அதைவிடப் பெரிய பயம். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் குளியலறைக்குள் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு இருமுவார்.

ஒருநாள் யன்னலைச் சாத்தப் போன என்னைக் கிழவி பிடித்துக்கொண்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கதை சொன்னார். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு, ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், அவர்கள் ஒற்றை அறையில் இருந்தார்களாம். நகரசபைத் தாதி வீடு வீடாக வந்து, நல்ல காற்று வரட்டும் என்று யன்னலைத் திறக்கச் சொல்லி, இருமுகிறவர்களை விசாரிப்பாராம். பிள்ளையைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்து, கிழவியின் தாய் அவருடைய தம்பியைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைப்பாராம்.

"அவன் சத்தமில்லாமல் இருமப் பழகியிருந்தான்" என்றார்.

"பிறகு?" என்று கேட்டேன். அவர் யன்னலை இன்னும் அகலத் திறந்தார்.

இரவுச் சாப்பாட்டில் கதையை அப்படியே ஒப்புவித்தேன். "கிழவி நல்லாக் கதை விடுறா" என்றார் அம்மா. அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"அந்தப் பெடியனுக்கு எத்தினை வயசாம்?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகாமல் டொக்டரிடம் போனார். காசநோய்தான். அப்பாவைத் தனி அறையில் வைத்தார்கள், எங்களுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். அம்மா மாதாவின் படத்துக்கு முன்னால் அழுதபடியே இருந்தார். அப்பா செத்துவிடுவார் என்று நான் நம்பினேன்.

ஆனால் அவர் திரும்பி வந்தார். மெலிந்துபோயிருந்தார். தினமும் காலையில் ஒரு தாதி வந்து, அவர் மாத்திரை விழுங்கும் வரை பக்கத்தில் நிற்பார்.

வந்த அன்று மாலை அம்மா மீன்குழம்பு வைத்தார். நான் வழக்கம்போல யன்னலைச் சாத்த ஓடினேன். பின்னால் அப்பா வந்தார்.

"விடு பிள்ளை. திறந்து கிடக்கட்டும்."

எதிர்க்கதவு திறந்தது. கிழவி வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார். அப்பாவுக்கு அப்போது நோர்வேஜிய மொழி அவ்வளவாக வராது. இருவரும் குளிர்காற்றை வாங்கிக்கொண்டு நின்றார்கள். கிழவியின் கண்கள் நனைந்திருந்தன.

அப்பாவும் கிழவியின் பக்கம் சேர்ந்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.