மூச்சுப் படாத செப்புக்காசு

கையுறையை மாட்டி, வாயை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவர் பெட்டியைத் திறப்பார். உள்ளே அவர் சேர்த்த பழைய செப்புக்காசுகள். வேலை செருப்புக் கடையில். பகலெல்லாம் அடுத்தவர் குதிகாலைப் பிடித்து அளவு பார்த்த கையை, வீட்டுக்கு வந்து எத்தனை தரம் சோப்புப் போட்டுக் கழுவினாலும் அவர் நம்புவதில்லை. “என் வேர்வை இருக்கே, அது வேர்வை இல்ல, திராவகம். ஒரு விரல் பட்டா போதும், செம்பு கறுத்துப் போயிடும்” என்பார், ஏதோ பட்டம் வாங்கியவர்போல.

புதுச் செருப்புப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சுவதற்காகச் சின்னப் பொட்டலம் ஒன்று கிடக்கும். கடையில் மற்றவர்கள் அதைக் குப்பையில் வீசுவார்கள். இவர் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். எல்லாம் காசுப் பெட்டிக்கு. சமையலறையில் உப்பு கட்டி தட்டிக் கிடக்கும். காசுகள் மட்டும் ஈரம் அண்டாமல் சுகமாக இருக்கும். “எங்கம்மா வந்தப்பகூட இந்த வீட்டுல இப்படி ஒரு உபசாரம் நடக்கல” என்பாள் மனைவி.

இந்த ஞானம் சும்மா வந்துவிடவில்லை. முதலில் சேர்த்த காசுகளை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஆக்கி, விவரம் தெரிந்த ஒருவரிடம் பெருமையாகக் காட்டினார். அந்த மனிதர் துக்கம் விசாரிக்கும் குரலில், “பழங்காசைத் தேய்க்கலாமா? தோலை உரிச்சிட்டீங்களே” என்றார். அடுத்து மலிவான பிளாஸ்டிக் உறை. அதற்குள் காசுகள் பச்சை பிடித்துப் பிசுபிசுத்தன. “நான் காப்பாத்துன காசைவிடக் கொன்ன காசுதான் அதிகம்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவரே சொல்லிச் சிரிப்பார்.

போன மாதம் நாணயம் சேர்ப்போர் சங்கத்தின் கூட்டம். அதில் உறுப்பினராக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இருப்பதிலேயே உசத்தியான காசை, அச்சடித்த நாளின் சிவப்பு இன்னும் மங்காத ஒன்றை, எடுத்துக்கொண்டு போனார். சங்கத் தலைவர் அதை வெறும் விரலால் வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய், “அடேயப்பா, என்ன நிறம்” என்றார். என்றவர் தும்மினார். நேராகக் காசின் மேல்.

உடனே ஒற்றி எடுத்தால் தப்பிக்கலாம். அது இவருக்குத் தெரியும். ஆனால் தலைவரோ காசை உள்ளங்கையில் உருட்டியபடி தம் மருமகனின் புதுக் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். குறுக்கே பேச இவருக்கு நாக்கு எழவில்லை. “அப்படிங்களா... சரிங்க... நல்ல வண்டிங்க” என்று தலையாட்டிக்கொண்டே நின்றார். சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். நல்ல அடக்கமான மனிதர் என்று பெயரும் கிடைத்தது. சில நாளில் காசில் கடுகளவு கரும்புள்ளி ஒன்று முளைத்தது.

நேற்று அந்தக் காசை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். “ஒரு தும்மலுக்கு வாயத் திறக்கத் துப்பில்ல. நான் இத்தனை வருஷமா மூச்ச அடக்கிட்டு உக்காந்திருந்தேன் பாரு” என்றார்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “எங்க, குடுங்க பாப்போம்” என்று கையை நீட்டினாள். நீட்டிய பிறகுதான் விரலில் தண்ணீர் சொட்டுவதைக் கவனித்து, துடைக்கத் துண்டைத் தேடினாள்.

அவர் அந்தக் கையை அப்படியே பிடித்து இழுத்து, ஈர உள்ளங்கையில் காசை வைத்தார்.