படம் வராத கம்ப்யூட்டர்

மண்ணிவாக்கம் தாண்டியபோது செருப்பு வார் அறுந்தது. செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். பையில் ஒரு சட்டை, ஸ்க்ரூ டிரைவர், கரண்ட் பார்க்கிற ஒரு சின்ன மீட்டர். படப்பையில் நான் இருந்த டிவி ரிப்பேர் கடைக்கு முதலாளியின் மச்சினன் வந்துவிட்டான். ஒரு மேசைக்கு இரண்டு ஆள் வேண்டாம் என்று, ஆயுத பூஜைப் பொரியைக் கொடுத்த கையோடு முதலாளி சொல்லிவிட்டார். சண்டையெல்லாம் இல்லை. எதிரே வந்த பஸ்களின் முகப்பில் பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றுகள் காய்ந்து தொங்கின.

சிட்லபாக்கத்தில் ஒரு நண்பன் மாடி அறையில் வாடகைக்கு இருந்தான். போய்ச் சேர்ந்தபோது மதியம். என் காலை அவன் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தான். "மீட்டர் வெச்சிருக்கியா மச்சான்? கீழ் வீட்டு அக்கா பாவம்."

அந்த அக்கா, வீட்டுச் சொந்தக்காரரின் மருமகள். பி.எஸ்ஸி. படித்தவர். கணவர் துபாயிலிருந்து அனுப்பிய கம்ப்யூட்டரை வைத்து முன்னறையில் பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்க இருந்தார். அது பார்க்க வெறும் கீபோர்டு. எல்லாம் அதற்குள்ளேயே, படம் மட்டும் வீட்டு டிவியில் வரும். பூஜைக்கு முந்தின நாள்வரை வந்தது. பூஜையன்று ஓய்வு கொடுத்து, மறுநாள் போட்டால் டிவியில் வெறும் இரைச்சல். நான் போய்ச் சேர்ந்த அன்று மாலைதான் பெற்றோர்கள் பார்க்க வருகிறார்கள். படம் இல்லையென்றால் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து வகுப்புக்குப் போய்விடுவார்கள். வகுப்பு நடக்காவிட்டால் முன்னறையை மளிகைக் கடைக்கு விட்டுவிடுவது என்று மாமனார் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்.

மாமனார் அந்த ஊர்க்காரர். வயலெல்லாம் மனையான பிறகு மிச்சமிருந்த கிணற்றிலிருந்து லாரியில் தண்ணீர் ஏற்றி விற்றார். படம் நின்றது திருஷ்டியால்தான் என்று பூசணிக்காய் உடைத்தும் பார்த்திருந்தார்.

நான் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை என்று முதலிலேயே சொன்னேன். டிவி தெரியுமில்லையா, பாதி வேலை அதுதான் என்றார் அக்கா. டிவியைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். ஆன்டெனாவை மாட்டியதும் மதிய நிகழ்ச்சி பளிச்சென்று வந்தது. இரண்டுக்கும் நடுவில் போகிற ஒயரை மீட்டரில் பார்த்தேன். அதுவும் சரி. சரி, பெட்டியைத் திறந்துவிடலாம் என்று ஸ்க்ரூவில் கை வைத்தேன். அக்கா தடுத்தார். திரையைப் பார்க்காமலேயே ஏதோ தட்டினார். பெட்டி 'பீப்' என்றது.

"உயிர் இருக்கு தம்பி. குரல் கொடுக்குது. முகத்ததான் காட்ட மாட்டேங்குது."

அப்படியானால் ஒயரைச் செருகுகிற இடம்தான் பாக்கி. பெட்டியைத் திருப்பினேன். மேலே இருந்ததுபோலவே பின்னாலும் சந்தனம், குங்குமம். ஒயர் போகிற வட்டத் துளையை வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே ஏதோ அடைத்துக் காய்ந்திருந்தது. தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, வீட்டில் ஊசி போட வைத்திருந்த ஸ்பிரிட்டில் நனைத்து, விட்டுக் குடைந்தேன். பஞ்சு மஞ்சளாக வந்தது. அறை முழுக்கச் சந்தன வாசனை.

அக்கா மெதுவாக, வாசலில் நின்ற மாமனாரைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா அப்டி பாக்குற? டிராக்டருக்கு வெச்சேன், பம்புசெட்டுக்கு வெச்சேன். எது நின்னுச்சி? ரவுண்டா நல்ல எடமா கீதேன்னு அமுக்கி வெச்சேன்."

"பூசணிக்காய வேற ஒடைச்சீங்களே மாமா. கூட்டாவது வெச்சிருப்பேன்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

துளை காய்ந்ததும் ஒயரைச் செருகினோம். இரைச்சல் போய், வெளுத்த திரையின் அடியில் ஒரே ஒரு வரி ஆங்கிலம் வந்து நின்றது. அக்கா அதைத் தொட்டுப் பார்த்தார். மாலையில் வந்த பிள்ளைகள் ஆளுக்கொரு முறை தங்கள் பெயரைத் தட்டித் திரை முழுக்க ஓடவிட்டார்கள். அப்பாக்கள் நின்றபடியே பார்த்துவிட்டு, எப்போது வகுப்பு என்று கேட்டார்கள். முன்னறையில் மளிகைக் கடை வரவில்லை.

ஓடுகிற பெட்டிக்கு ஆள் எதற்கு? அங்கே எனக்கு வேலை இல்லை. மாடிப்படியில் ஏறும்போது மாமனார் கூப்பிட்டார். லாரிக்கு கிளீனர் இல்லையாம்.

"காலைல வா. நீதான் நல்லா தொடைக்கிறியே."

மறுநாள் காலை சேர்ந்தேன். கீழ்க்கட்டளைக்குப் போகிற தண்ணீர் லோடு. வண்டி கிளம்பும் முன் ஹெட்லைட் கண்ணாடிகளில் காய்ந்திருந்த சந்தனத்தை ஈரத் துணியால் ஊறவைத்துச் சுரண்டினேன். அவற்றிலும் மனுஷர் ஒரு குறையும் வைக்கவில்லை.