திங்கட்கிழமைக் குளிரும் ஓட்டைப் பனியனும்

அந்தக் காய்ச்சல் எனக்குத் திங்கட்கிழமை மட்டும்தான் வந்தது. செவ்வாயன்று வராது, புதனன்று வராது. மலைக்காய்ச்சலுக்குக் கிழமை பார்க்கத் தெரியுமா என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கொல்லிமலையில், குண்டனி நாடு என்று மலைக்காரர்கள் சொல்லும் பகுதியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு நான் வாத்தியார். என் மனைவி அடிவாரத்தில், சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் தன் அப்பா வீட்டிலேயே இருந்தாள். கல்யாணம் முடிந்தும் அவளை மலைக்கு அனுப்ப மாமனாருக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை இறங்கிப்போய் அவளைப் பார்ப்பேன். திங்கட்கிழமை விடிந்ததும் ஏறத் தொடங்குவேன்.

மாமனார் சொந்த நிலத்தில் பாடுபடுகிறவர். பாசத்தை வாயால் சொல்லத் தெரியாது. எதையாவது வாங்கிக் கொடுப்பார். மலைக்குளிருக்கென்று திருப்பூரிலிருந்து எனக்கொரு பனியன் தருவித்தார். நெருக்கி நெருக்கித் தடிமனாகப் பின்னியது. விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் புகாது. தனக்கும் அதே மாதிரி ஒன்று எடுத்துக்கொண்டார்.

மலைக்காரர்கள் ஏற்றத்தில் மேலுக்கு ஒன்றும் போடுவதில்லை. துப்பட்டியைச் சுருட்டிச் சுமையோடு வைத்துக்கொண்டு, மேலே போனபிறகு போர்த்திக்கொள்வார்கள். வாத்தியார் வெற்றுடம்போடு போனால் மரியாதை என்ன ஆவது? நான் பனியனோடு ஏறுவேன். சலவைச் சட்டை பையில் இருக்கும். பள்ளிக்கூடத்துக்குச் சற்று முன்னால் அதைப் பனியன்மேல் மாட்டிக்கொள்வேன். அப்போது தொடங்கும் நடுக்கம். பல் தந்தியடிக்கும், கையில் சாக்கட்டி நிற்காது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மத்தியானத்துக்குள் ஆளை விட்டுவிடும்.

மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரை கசந்ததே தவிர, நடுக்கம் அதற்குக் கேட்கவில்லை. மலைமேல் செம்மேட்டுச் சந்தைக்கு வந்து போகிறவர்கள் வாய்வழியாகச் சேதி கீழே இறங்கியது. காய்ச்சல் பிடித்த மலைக்கு மகளை அனுப்ப முடியாது என்று மாமனார் தீர்த்துச் சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்தது. கடைசிவரை சனிக்கிழமைப் புருஷனாகவே இருந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

ஒரு வாரம், துவைத்த பனியன் காயவில்லை. அது அவ்வளவு லேசில் காயாது. சேந்தமங்கலத்துக் கடையில் கைக்குக் கிடைத்த மலிவுப் பனியனை வாங்கி மாட்டிக்கொண்டேன். வலை மாதிரி கண்விட்டுப் பின்னியது. இன்றைக்குச் செத்தோம் என்றுதான் ஏறினேன். மேலே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு குளிருக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஓட்டையில் எப்படி ஐயா கதகதப்பு இருக்கும்? ஒருநாள் சட்டையில்லாமல் ஓட்டைப் பனியனோடு மட்டும் வாசலில் நின்று பார்த்தேன். காற்று நேரே எலும்பைத் தொட்டது. மேலே சட்டையைப் போட்டதும் அதே பனியன் சூடாக இருந்தது. கெட்டிப் பனியனோ, சாயங்காலம் உலர்ந்ததாகப் போட்டால் அடுப்படியில் உட்கார்ந்த சுகம். ஏற்றம் ஏறினால் மட்டும் எனக்கு எதிரி. ஓட்டைப் பனியனின் கண்களுக்குள் காற்று அடைபட்டுக் கிடந்து காப்பாற்றுகிறதோ என்னவோ, இன்றுவரை முழுசாக விளங்கவில்லை. மாமனாரிடம் இதைச் சொல்லவும் முடியாது. கொடுத்த பொருளைக் குறை சொன்ன மாப்பிள்ளை என்று பேராகிவிடும்.

கடைசியில் மலை எப்படித்தான் இருக்கிறதென்று அவரே நேரில் பார்த்துவிட, தன் கெட்டிப் பனியனோடு என்னோடு கிளம்பினார். அவர் மனம் நோகக்கூடாதென்று நானும் அன்றைக்குக் கெட்டிப் பனியனையே போட்டுக்கொண்டேன். மேலே வந்ததும் இருவரும் சட்டையை மாட்டினோம். எனக்கு நடுங்கியது. பார்த்தால், அவருக்கும் நடுங்குகிறது. ஒரே ஏற்றத்தில் காய்ச்சல் தன்னையும் பிடித்துவிட்டது என்று அவர் முகம் வெளுத்துப்போனது.

பயத்தில் எனக்கு மரியாதை மறந்துவிட்டது. பனியனைக் கழற்றச் சொன்னேன். இந்தக் குளிரில் எவனாவது கழற்றுவானா என்று முறைத்தார். நானே கழற்றினேன். பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. துண்டால் அவர் உடம்பைத் துடைத்து, பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த ஓட்டைப் பனியனை மாட்டி, மேலே உலர்ந்த சட்டையைப் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவருக்கு நடுக்கம் நின்றது. எனக்கு நிற்கவில்லை. அவர் என்னையும் தன்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, இது காய்ச்சலுங்களா?"

"இல்லீங்க மாமா, காத்துங்க" என்றேன். அவர் கொடுத்த பனியனைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

"காத்துன்னா எம்புள்ளைக்குந்தானுங்களே அடிக்கும்" என்று சொல்லிவிட்டு, இறங்கிப்போக எழுந்தார்.

இனியும் மரியாதை பார்த்தால் பெண்டாட்டி வந்த பாடில்லை என்று தெரிந்துபோனது. "காத்து இல்லீங்க மாமா, பனியனுங்க. வேர்வையக் குடிச்சு வெச்சுக்கிட்டு ஒடம்பக் குளுர வெக்குதுங்க. ஏன்னு எனக்கும் தெரியலீங்க" என்று கொட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் திரும்பி வந்தார். கீழே கிடந்த தன் பனியனை எடுத்து இன்னொரு தடவை பிழிந்தார். இன்னும் தண்ணீர் வந்தது. அதை விரித்து, உதறி, மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அவளுக்கும் இதே மாதிரி கெட்டியா ஒண்ணு வாங்கி வெச்சிருக்கறனுங்க மாப்பிள்ளை" என்றார். "அது ஊட்டுலயே கெடக்கட்டும். அவ மட்டும் வரட்டும்."